முதல் சுற்றில் நான்காவதாக இருந்தவர் கடைசியில் எப்படித் தோற்றார்? ஐந்து இடம் இருந்ததே!

மிட்லாண்ட்ஸ்_மல்லி · 12 ஜூன் 2024, காலை 9.20

யாராவது பொறுமையாக விளக்குங்கள். நான்கு நாளாகத் தூக்கம் சரியில்லை. நைட் டூட்டியும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை, ஜூன் 7, கவுண்டி கவுன்சில் தேர்தல் நடந்தது அல்லவா? அயர்லாந்துக்கு வந்து எனக்கு ஐந்தாவது வருடம். நர்சிங் ஹோமில் வேலை. இந்த நாட்டில் நான் போட்ட முதல் ஓட்டு இது. குடியுரிமை இல்லாதவர்களும் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பதே ஏப்ரல் மாதம்தான் தெரிந்தது, கூட வேலை செய்யும் நைஜீரியப் பெண் சொல்லி. உடனே ஆன்லைனில் பதிந்தேன்.

எங்கள் பகுதிக்கு ஐந்து கவுன்சிலர். போட்டியிட்டவர்கள் பதினைந்து பேர். ஊர் பெயரையும் வேட்பாளர் பெயரையும் சொல்லவில்லை, சொன்னால் என்னை எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே சீட்டில் பிடித்த வரிசைப்படி 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். நான் 1 போட்டது எந்தக் கட்சியையும் சேராத ஓர் அம்மாவுக்கு. எங்கள் குடியிருப்பு எஸ்டேட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் நடைபாதையில் விளக்கே கிடையாது. டிசம்பரில் நான்கரைக்கே கும்மிருட்டு. அந்த அம்மா குடியிருப்போர் சங்கத்தில் இருந்துகொண்டு இரண்டு வருடம் கடிதம் மேல் கடிதம் எழுதி விளக்குப் போட வைத்தார். பிரசாரத்துக்கு வந்தபோது என் பெயரை என்னிடமே இரண்டு முறை கேட்டுச் சரியாக உச்சரித்துப் பார்த்தார். அது போதாதா எனக்கு!

சனிக்கிழமை எண்ண ஆரம்பித்தார்கள். முதல் சுற்று முடிவு வந்தது. நம்ம அம்மா நான்காவது. ஐந்து இடம், நான்காவது ஆள், வென்றாயிற்று என்று கேசரி கிண்டிவிட்டேன். ஞாயிறு மாலை பார்த்தால் பதினோராவது சுற்றாம், அம்மா தோல்வியாம். முதல் சுற்றில் ஏழாவதாக இருந்த ஒருவர் அவரை முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். வித்தியாசம் நூறு வாக்குகூட இல்லை. அதிலும் அந்த மனிதர் "கோட்டா" என்று சொல்கிறார்களே, அதை எட்டவே இல்லை. எட்டாமலே வெற்றி என்று அறிவித்துவிட்டார்கள்.

இது என்ன கணக்கு? எங்காவது தப்பு நடந்திருக்குமா? என் கணவர் "ஓட்டு மெஷின் வைக்காமல் பென்சிலில் எழுதச் சொன்னால் இப்படித்தான்" என்கிறார். அவர் ஒரு தனிக் கதை, அப்புறம் சொல்கிறேன்.

---

கார்க்_கண்ணன் · 12 ஜூன் 2024, காலை 10.05

தப்பு எதுவும் இல்லை அக்கா. முதல் சுற்று என்பது அரையிறுதிகூட இல்லை, டாஸ் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய 1 மட்டும் அல்ல, 2, 3, 4 எல்லாம் கணக்கில் வரும். யாருடைய வாக்குச்சீட்டு எங்கே மாறுகிறது என்பதில்தான் ஆட்டமே.

மெஷின் பற்றி: அதையும் இங்கே முயன்று பார்த்தார்கள். 2002இல் சில தொகுதிகளில் பயன்படுத்தினார்கள், அப்புறம் ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவு செய்து வாங்கிய மெஷின்களை நம்ப முடியாது என்று மூட்டை கட்டிவைத்துக் கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போட்டார்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், பென்சிலே பரவாயில்லை.

முழுக் கதையை பென்சில்_பாண்டி அண்ணன் வந்து சொல்வார். அவர் எண்ணும் இடத்திலேயே நிற்பவர்.

---

பென்சில்_பாண்டி · 12 ஜூன் 2024, பிற்பகல் 1.30

கூப்பிட்டதற்கு நன்றி கண்ணன். மல்லி, உங்கள் கேசரியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் மட்டும் இல்லை, இங்கே இருபது வருடமாக இருக்கும் நம்மவர்களே முதல் சுற்றைப் பார்த்துவிட்டு வாழ்த்து அனுப்புகிறார்கள்.

நான் 2009 முதல் ஒவ்வொரு கவுன்சில் தேர்தலுக்கும் டேலி எடுக்கப் போகிறேன். டேலி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நாட்டுத் தேர்தலில் எனக்குப் பிடித்ததே அதுதான். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறப்பார்கள். ஊழியர்கள் சீட்டுகளை மேசையில் கொட்டி, முகம் மேலே தெரிய விரித்து அடுக்குவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம், எல்லாக் கட்சிக்காரர்களும் கலந்து. ஒருவர் எட்டிப் பார்த்து 1 யாருக்கு என்று பெயரைச் சொல்ல, இன்னொருவர் அட்டையில் கோடு போடுவார். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. வெளியே சண்டை போட்டவர்கள் உள்ளே கணக்கைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். எந்தப் பெட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தது என்று தெரியும் அல்லவா, அதனால் எந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு என்று மதியத்துக்குள் வேட்பாளருக்குத் தெரிந்துவிடும். அதிகாரபூர்வ முடிவு அப்புறம்தான் வரும்.

இப்போது உங்கள் கேள்வி. ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன், உங்கள் ஊர்க் கணக்கு இல்லை.

செல்லும் வாக்கு 9,000, இடம் 5. இடத்தோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும்: 9,000 வகுத்தல் 6, ஆயிரத்து ஐந்நூறு. அதோடு ஒன்று. 1,501தான் கோட்டா, அதாவது ஜெயிக்கத் தேவையான வாக்கு. ஏன் இந்த எண்? ஐந்து பேர் தலைக்கு 1,501 வாங்கினால் 7,505 போய்விடும். மிச்சம் 1,495. ஆறாவது ஆள் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் கோட்டாவைத் தொட முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

முதல் சுற்றில் ஒருவர் 1,801 வாங்குகிறார் என்று வைப்போம். ஜெயித்துவிட்டார், 300 உபரி. அந்த உபரியை வீணாக்க மாட்டார்கள். அவருடைய 1,801 சீட்டையும் எடுத்து 2 யாருக்கு என்று பிரிப்பார்கள். ஒரு சீட்டில் 2 இல்லை, அது அப்படியே நிற்கட்டும். மீதி 1,800. அதில் 900 பேர் அடுத்த விருப்பமாக அ-வையும், 600 பேர் ஆ-வையும், 300 பேர் இ-யையும் எழுதியிருந்தால், 300 உபரி அதே விகிதத்தில் போகும்: 150, 100, 50. அதாவது ஆறில் ஒன்று.

உபரி தீர்ந்ததும் கடைசியில் இருப்பவரை நீக்குவார்கள். அவருடைய சீட்டு எல்லாமே, முழு மதிப்போடு, அடுத்த விருப்பத்துக்குப் போகும். அப்புறம் அடுத்த கடைசி ஆள். இப்படியே ஐந்து இடமும் நிரம்பும் வரை.

உங்கள் அம்மா தோற்றது இங்கேதான். கட்சி வேட்பாளர் நீக்கப்பட்டால் அவருடைய சீட்டு பெரும்பாலும் அதே கட்சியின் இன்னொரு ஆளுக்குப் போகும். ஏழாவதாக இருந்தவர் இங்கத்திய பெரிய கட்சிகளான ஃபியன்னா ஃபாலோ ஃபினா கேலோ ஏதோ ஒன்று, அவருடைய கட்சிக்காரர் ஒருவர் பட்டியலின் கீழே இருந்திருப்பார். அவர் வெளியேறும்போது மொத்தமாக ஒரு மூட்டை வந்து இவர் மேல் விழுந்திருக்கும். கட்சி இல்லாதவருக்கு அப்படிப் பங்காளி கிடையாது. அவருக்கு வருவதெல்லாம் "நல்ல மனுஷி" என்று யாராவது போட்ட 3, 4தான். அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

கோட்டாவை எட்டாமல் வென்றது பற்றி: 2, 3 போடாமல் நிறுத்தியவர்களின் சீட்டுகள் வழியிலேயே நின்றுவிடும். அதனால் கடைசிச் சுற்றில் புழக்கத்தில் இருக்கும் வாக்கு குறைந்துபோகும். மிச்சம் இருக்கும் இடத்துக்கு மிச்சம் இருப்பவர்களில் அதிகம் வைத்திருப்பவர் தேர்வு. சாதாரணமாக நடப்பதுதான்.

நம்மூர் மாநிலங்களவைத் தேர்தலும் கிட்டத்தட்ட இதே முறைதான், தெரியுமா? எம்.எல்.ஏ.க்கள் மட்டும் ஓட்டுப் போடுவதால் நமக்குக் கண்ணில் படுவதில்லை.

---

வடமராட்சியான் · 12 ஜூன் 2024, பிற்பகல் 3.10

நான் முதலில் இதை எங்கட இலங்கை விருப்பு வாக்கு மாதிரி என்று நினைத்திருந்தேன். அங்கே கட்சிக்கு ஒரு புள்ளடி, அதே பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு, மூன்றுக்கும் ஒரே மதிப்பு. இங்கே அப்படி இல்லை, ஒரே ஒரு வாக்குத்தான், அது கைமாறிக் கைமாறிப் போகிறது. 2019இல் இது விளங்காமல் எனக்குப் பிடித்த மூன்று பேருக்கும் 1, 1, 1 என்று போட்டுவிட்டு வந்தேன். செல்லாத வாக்கு. வெட்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் முதல் தரம் சொல்கிறேன்.

பாண்டி அண்ணை, ஒரு சந்தேகம். அந்த 900 சீட்டில் 150 மட்டும் போகும் என்கிறீர்கள். எந்த 150?

---

பென்சில்_பாண்டி · 12 ஜூன் 2024, மாலை 5.45

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கட்டின் மேலே இருக்கும் 150 சீட்டு. உண்மையாகவே அப்படித்தான், மேலே இருப்பதை எடுத்து அடுத்தவர் கட்டில் வைப்பார்கள். கீழே இருக்கும் 750 பேரும் அதே விருப்பம்தான் எழுதியிருப்பார்கள், ஆனால் அவர்களுடைய 3, 4 வேறாக இருக்கலாம். ஆகவே எந்தச் சீட்டு மேலே இருந்தது என்பதைப் பொறுத்துப் பின்னால் வரும் சுற்றுகளில் ஒன்றிரண்டு வாக்கு இப்படி அப்படி ஆகலாம். சீட்டுகளை முதலிலேயே நன்றாகக் கலந்துவிடுவதால் பெரிய வித்தியாசம் வராது என்பார்கள். கணக்கு வாத்தியார்களுக்கு இது பிடிப்பதில்லை. இங்கத்திய மேலவையான செனட் தேர்தலில் இந்தச் சிக்கலே வராது, அங்கே ஒவ்வொரு சீட்டுக்கும் ஆயிரம் மதிப்பு கொடுத்துப் பின்னமாகப் பிரிக்கிறார்கள். வாக்காளர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர் என்பதால் முடிகிறது.

முதல் சுற்றுக்குப் பிறகு யாராவது கோட்டாவைத் தாண்டினால் இன்னொரு விஷயம்: அவருடைய எல்லாச் சீட்டையும் பார்க்க மாட்டார்கள். அவரைக் கோட்டாவுக்கு மேலே தூக்கிவிட்ட கடைசிக் கட்டை மட்டும்தான் பிரிப்பார்கள்.

---

மிட்லாண்ட்ஸ்_மல்லி · 12 ஜூன் 2024, இரவு 7.15

அண்ணா, பேப்பரில் எழுதிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். டூட்டிக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயம் கேட்டே ஆக வேண்டும்.

ஒன்று, நான் அந்த அம்மாவுக்கு 1 மட்டும் போட்டேன். 2, 3 எதுவும் போடவில்லை. வேறு யாருக்காவது 2 போட்டால் அது அவருக்கு எதிராகப் போய்விடுமோ என்று பயம். நான் போடாததால்தான் அவர் தோற்றாரா?

இரண்டு, என் கணவர். அவருக்குப் போன வருடம் குடியுரிமை கிடைத்தது, கில்லார்னி வரைக்கும் போய்ச் சத்தியப் பிரமாணம் எடுத்து வந்தோம். அதனால் அவருக்கு இரண்டு சீட்டு: ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஒன்று, கவுன்சிலுக்கு ஒன்று. எனக்குக் கவுன்சில் சீட்டு மட்டும். ஐரோப்பியச் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? 27 பேர்! புகைப்படத்தோடு, முழங்கை நீளம். மனிதர் அதில் 1, 2, 3 போட்டிருக்கிறார். பிறகு கவுன்சில் சீட்டை எடுத்து, நம்ம அம்மாவுக்கு 4, இன்னும் இரண்டு பேருக்கு 5, 6 என்று தொடர்ந்திருக்கிறார். "வரிசையாகத்தானே போடச் சொன்னார்கள்" என்கிறார். இதை நேற்றுச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்கிறார். எனக்குக் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது.

---

பென்சில்_பாண்டி · 13 ஜூன் 2024, காலை 8.00

முதல் கேள்விக்கு நல்ல செய்தி. உங்கள் அம்மா கடைசிச் சுற்று வரை நின்றார் அல்லவா? அப்படியானால் உங்கள் சீட்டு கடைசி வரை அவரிடம்தான் இருந்தது. நீங்கள் 2, 3 எழுதியிருந்தாலும் யாரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆகவே உங்களால் தோற்கவில்லை.

ஆனால் அந்தப் பயம் தேவையில்லாத பயம். 1 போட்டவர் போட்டியில் இருக்கும் வரை உங்கள் 2 அவரைத் தொடவே தொடாது. அவர் நீக்கப்பட்டாலோ ஜெயித்து உபரி வந்தாலோ மட்டும்தான் 2க்கு வேலை. அடுத்த முறை பிடித்தவர், பரவாயில்லாதவர், சகித்துக்கொள்ளலாம் என்பவர் என்று கீழே வரை எழுதிக்கொண்டே போங்கள். வரவே கூடாது என்று நினைப்பவரின் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள்.

இரண்டாவது கேள்வி... அண்ணனுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். செல்லாத வாக்கு. இதற்குச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது.

2014 மே மாதமும் இப்படித்தான், கவுன்சில் தேர்தலும் ஐரோப்பியத் தேர்தலும் ஒரே நாள். கெர்ரி கவுண்டியில் லிஸ்டோவெல் பகுதி. டேன் கைலி என்ற முன்னாள் செனட்டர் கடைசி இடத்தை இரண்டே இரண்டு வாக்கில் இழந்தார். அங்கே பல பேர் உங்கள் கணவர் மாதிரி ஒரு சீட்டில் 1, 2 போட்டுவிட்டு மற்றதில் 3, 4, 5 என்று தொடர்ந்திருக்கிறார்கள். எண்ணிய அதிகாரி, "சரி, 3 என்பதைத்தான் 1 என்று நினைத்துப் போட்டிருக்கிறார்" என்று செல்லும் வாக்காக எடுத்துக்கொண்டார். கைலி வழக்குப் போட்டார், கீழே தோற்றார், விடாமல் மேலே போனார். 2015இல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: அப்படிப்பட்ட சீட்டை எண்ணியது தவறு. வாக்காளர் மனதில் என்ன இருந்தது என்று அதிகாரி ஊகித்துக்கொண்டிருக்க முடியாது, முதல் விருப்பம் சீட்டிலேயே தெரிய வேண்டும்.

ஆகவே அண்ணனின் 4 குப்பைக்குப் போயிருக்கும். ஒரே ஆறுதல், இந்தத் தப்பை ஐரிஷ்காரர்களே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்.

---

சந்தேகப்_பேர்வழி · 13 ஜூன் 2024, காலை 11.20

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? யார் வந்தால் என்ன? கவுன்சிலருக்கு அதிகாரம் ஏதாவது உண்டா இங்கே? பள்ளிக்கூடம் அவர்கள் கையில் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, போலீஸ் இல்லை. எல்லாவற்றையும் நடத்துவது சீஃப் எக்ஸிகியூட்டிவ், அவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. 2014இல் எண்பது டவுன் கவுன்சிலை ஒரே சட்டத்தில் இழுத்து மூடினார்கள், என்ன குடிமுழுகிப்போயிற்று? ஓட்டுப் போட வந்தவர்களே பாதிப் பேர்தான். மீதிப் பாதி புத்திசாலிகள்.

---

கார்க்_கண்ணன் · 13 ஜூன் 2024, பிற்பகல் 12.40

பாதி உண்மை. அன்றாட நிர்வாகம் சீஃப் எக்ஸிகியூட்டிவிடம்தான். ஆனால் பட்ஜெட்டை நிறைவேற்றுவது கவுன்சிலர்கள். எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் வளர்ச்சித் திட்டத்துக்கு ஓட்டுப் போடுவது அவர்கள். வீட்டு வரியை ஒரு வரம்புக்குள் கூட்டவோ குறைக்கவோ அவர்களால் முடியும். நீங்கள் வீடு வாங்கியவர் என்றால் இது பையைத் தொடும் விஷயம். செனட்டின் 60 பேரில் 43 பேரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களில் பெரும்பாலானோர் கவுன்சிலர்கள்தான்.

"யாரும் தேர்ந்தெடுக்காத அதிகாரி" பிரச்சினைக்கு லிமெரிக்கில் இந்த முறை ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், நாட்டிலேயே முதல் முறை. நிதித்துறைச் செயலாளராக இருந்த ஜான் மோரன், சுயேச்சையாக நின்று வென்றார். 2019இல் கார்க், வாட்டர்ஃபோர்ட், லிமெரிக் மூன்று இடத்திலும் இதைப் பற்றி வாக்கெடுப்பு நடந்தது, எங்கள் கார்க்காரர்கள் மயிரிழையில் வேண்டாம் என்றார்கள். இன்னும் எனக்கு அந்த வயிற்றெரிச்சல் தீரவில்லை.

டோனகால் கவுண்டியைப் பாருங்கள். மைக்கா கலந்த சிமெண்ட் கல்லில் கட்டிய வீடுகள் பிஸ்கட் மாதிரி நொறுங்குகின்றன, இழப்பீடு போதவில்லை என்று வீடு இழந்தவர்களே "100% ரிட்ரெஸ்" என்று கட்சி ஆரம்பித்து நான்கு கவுன்சிலர்களைப் பெற்றுவிட்டார்கள். கையில் வெடித்த சுவரோடு நிற்கிறவரிடம் போய் "யார் வந்தால் என்ன" என்று சொல்லிப் பாருங்கள்.

---

பென்சில்_பாண்டி · 13 ஜூன் 2024, இரவு 10.10

நாடு முழுவதும் பார்த்தாலும் மல்லி கேட்ட கேள்விதான் திரும்ப வருகிறது. 31 கவுன்சில், 949 இடம். முதல் விருப்பத்தில் ஃபினா கேல் 23.0 சதவீதம், ஃபியன்னா ஃபால் 22.9. ஒரு மயிரிழை ஃபினா கேல் முன்னால். ஆனால் இடம்? ஃபியன்னா ஃபால் 248, ஃபினா கேல் 245. குறைவாக வாங்கியவர்கள் அதிகம் ஜெயித்தார்கள். எத்தனை பேரை நிறுத்தினார்கள், எங்கே நிறுத்தினார்கள், மற்றவர்களின் சீட்டு யாருக்கு வந்தது, எல்லாம் சேர்ந்த கணக்கு.

ஷின் ஃபேன் கதை இன்னும் வேடிக்கை. 2019இல் 81 இடம், இப்போது 102. கூடியிருக்கிறதே என்று பார்த்தால் கட்சியில் எல்லோர் முகமும் தொங்கிப்போயிருக்கிறது. இரண்டு வருடம் கருத்துக்கணிப்பில் முதலிடத்தில் இருந்த கட்சிக்கு 11.8 சதவீதம்தான் கிடைத்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நிறுத்தியிருந்தார்கள். பல இடங்களில் ஒரே பகுதியில் மூன்று நான்கு பேர், இருந்த கொஞ்ச வாக்கும் சிதறி, யாரும் மேலே வர முடியாமல் போயிற்று. பசுமைக் கட்சி 49இலிருந்து 23.

நம்ம பக்கம் ஒரு செய்தி: டாலாவில் மலையாளியான பேபி பெரேப்பாடனும் அவர் மகனும் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் ஃபினா கேலுக்காக வென்றிருக்கிறார்கள். டப்ளின் காப்ரா-கிளாஸ்நெவினில் ஃபெல்ஜின் ஜோஸ், பசுமைக் கட்சி, அவரும் மலையாளி. தமிழர் யாராவது நிற்கலாமே என்றால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்குக் கோடு போடத்தான் தெரியும்.

---

வடமராட்சியான் · 14 ஜூன் 2024, காலை 7.30

குடியுரிமை இல்லாவிட்டாலும் நிற்கலாம், 18 வயதும் இங்கே குடியிருப்பும் போதும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கோ அண்ணை. ஆட்கள் அதை நம்புவதில்லை. போர்ட்லீஷில் 2007இலேயே நைஜீரியாவில் இருந்து வந்த ரொட்டிமி அடெபாரி மேயர் ஆகிவிட்டார். அவர் தஞ்சம் கேட்டு வந்தவர்.

---

மிட்லாண்ட்ஸ்_மல்லி · 14 ஜூன் 2024, காலை 9.50

எல்லோருக்கும் நன்றி. நேற்று வேலைக்குப் போகும் வழியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஏணி வைத்து அவருடைய போஸ்டரை அவரே கம்பத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாளுக்குள் எடுக்காவிட்டால் ஒரு போஸ்டருக்கு 150 யூரோ அபராதமாம். ஜெயித்தவருடைய போஸ்டர் அதே கம்பத்தில் மேலே சிரித்துக்கொண்டிருந்தது, அதை எடுக்க ஆள் வருவார்கள் போல.

காரை நிறுத்தி, நான் உங்களுக்கு 1 போட்டேன் என்று சொன்னேன். "தெரியும், உங்கள் எஸ்டேட் பெட்டியில் எனக்குத்தான் அதிகம், டேலியில் பார்த்தேன்" என்றார். பாண்டி அண்ணன் சொன்ன அதே டேலி! என் கணவரின் 4 பற்றி மட்டும் சொல்லவில்லை. ஒட்டுப்பட்டையை வெட்டக் கத்தரி இல்லாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார், என் யூனிஃபார்ம் பையில் இருந்த பாண்டேஜ் கத்தரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

---

மிட்லாண்ட்ஸ்_மல்லி · 6 டிசம்பர் 2024, இரவு 9.05

பழைய திரியைத் தூசி தட்டுவதற்கு மன்னிக்கவும். நவம்பர் 29 பொதுத்தேர்தலில் எங்கள் பகுதிக் கவுன்சிலர் ஒருவர் டி.டி., அதாவது நாடாளுமன்ற உறுப்பினர், ஆகிவிட்டார். டோல் என்கிற நாடாளுமன்றக் கீழவைக்குப் போனால் கவுன்சில் இடத்தை விட வேண்டுமாமே? அப்படியானால் அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் வருமா? அடுத்ததாக இருந்த நம்ம அம்மாவுக்கு வாய்ப்பு உண்டா?

---

பென்சில்_பாண்டி · 6 டிசம்பர் 2024, இரவு 9.40

2003 சட்டத்திலிருந்து இரண்டு நாற்காலியில் உட்கார முடியாது, விட்டே ஆக வேண்டும். ஆனால் கவுன்சிலுக்கு இடைத்தேர்தல் கிடையாது மல்லி. போனவரின் கட்சி ஒருவரைச் சொல்லும், மற்றக் கவுன்சிலர்கள் கையைத் தூக்குவார்கள், முடிந்தது. கோ-ஆப்ஷன் என்று பெயர். ஆறாவதாக வந்தவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. அடுத்தது 2029தான்.

அண்ணன் இந்த முறை எப்படிப் போட்டார்?

---

மிட்லாண்ட்ஸ்_மல்லி · 6 டிசம்பர் 2024, இரவு 10.20

பொதுத்தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லையே, அதனால் பள்ளிக்கூட வாசலில் காரில் உட்கார்ந்திருந்தேன். ஹீட்டர் போட்டும் குளிர். பத்து நிமிடம் கழித்து வந்து கதவைத் திறந்தார். "ஒரே சீட்டுதான். ஒன்றில் ஆரம்பித்து ஒன்பது வரைக்கும் போட்டுவிட்டேன், போதுமா?" என்றார்.